சுந்தரம் என்கிற வாத்தியார்

கிரிக்கெட் பேச்சு அடங்காத இந்த நேரத்தில் கொஞ்சம் கால்பந்து பேசுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சிங்கப்பூரில் ஐம்பது வயது தாண்டிய யாரிடமும் "சுந்தரம்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். முழுப்பெயர் வரதராஜு சுந்தரமூர்த்தி. 1965-இல் பிறந்த தமிழர். தடுக்க வருபவர்களை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோகும் வித்தைக்காக 'டாஸ்லர்' என்று பட்டப்பெயர். 1988-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்கு ஆடப் போனார். இன்று பாசல் பெரிய பெயர். அன்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த அணி. அங்கே நெடுநாள் இருக்கவில்லை. பிறகு மலேசிய அணிகளிலும் சிங்கப்பூரிலும் ஆடிப் பேர் வாங்கினார்.

ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஆனார். என் கவனத்தை இழுத்தது இந்தப் பாதிதான்.

மலேசிய லீக்கில் ஆட 2012-இல் சிங்கப்பூர் 'லயன்ஸ் பன்னிரண்டு' என்ற அணியை அனுப்பியது. பெரும்பாலும் இளம் பையன்கள். முதல் வருடம் இரண்டாமிடம். 2013-இல் சாம்பியன். கோச் சுந்தரம்.

அடுத்து நெகிரி செம்பிலான், பிறகு டாம்பைன்ஸ் ரோவர்ஸ். லிவர்பூலுக்காக 2007 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடிய ஜெர்மெய்ன் பென்னன்ட், 2016-இல் இவரிடம்தான் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு மே மாதம் தேசிய அணிப் பொறுப்பு வந்தது.

அங்கேதான் சறுக்கல். அந்த வருடக் கடைசியில் நடந்த தென்கிழக்காசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல், ஒரு வெற்றிகூட இல்லை. ஆடும்போது கண்ணைப் பறித்தவர், கோச் ஆனதும் தடுப்பாட்டமே கதி என்று இருக்கிறாரே என்று விமர்சித்தார்கள். 2018 ஏப்ரலில் விலகினார்.

ஐந்து வருடத்துக்கு முன் ஜெயித்தவருக்குத் திடீரென்று பாடம் மறந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிளப் கோச்சிடம் பையன்கள் தினமும் இருப்பார்கள். தேசிய அணிக்கு ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால்தான் வந்து சேர்வார்கள். ஜூன் முதல் பத்தாம் வகுப்பை நடத்தும் வாத்தியாருக்கும், மார்ச்சில் பத்து நாள் சிறப்பு வகுப்பு எடுக்க வருபவருக்கும் உள்ள வித்தியாசம்தான். பத்து நாளில் தேர்ச்சிக்கு வேண்டியதைத்தான் சொல்லித்தர முடியும். தோற்காமல் இருக்கப் பார் என்பதுதான் அந்தத் தடுப்பாட்டம்.

இந்தக் கதை நம் பக்கமும் வருகிறது. சுந்தரம் தேசிய அணிக்குப் போனபோது டாம்பைன்ஸில் அவர் இடத்துக்கு வந்தவர் அக்பர் நவாஸ். ஆட்டக்காரராகச் சுந்தரம் அளவுக்குப் பேர் வாங்காதவர். அவர்தான் 2018-இல் சென்னை சிட்டி அணிக்குக் கோச்சாக வந்தார். பெயர்தான் சென்னை, சொந்த மைதானம் நம் கோவை நேரு ஸ்டேடியம். முந்தைய பருவத்தில் அட்டவணையின் அடிப்பகுதியில் முடித்த அணி அது.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால் நிற்கிறது. மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. ஐ-லீக் கோப்பை கோவையில். மான்சி போன்ற வெளிநாட்டவர்களோடு ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் வான்ஸ்பால் என்று நம் பையன்களும் அந்த அணியில் இருந்தார்கள். இருவரும் பின்னர் ஐஎஸ்எல் வரை போனார்கள்.

அந்த அணி இன்று ஐ-லீக்கில் இல்லை. ஆனால் அங்கே கற்றது அந்தப் பையன்களின் காலில் இருக்கிறது.

குண்டடத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நன்றாகப் பந்து உதைக்கும் பிள்ளைகளுக்குக் குறைச்சல் இல்லைங்க. பிளஸ் டூ முடித்ததும் பனியன் கம்பெனி வண்டி ஏறிவிடுகிறார்கள். அது தப்பில்லை, வீட்டுக்குச் சம்பளம் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், ஏழெட்டு வருடம் தினமும் கூட நிற்கிற ஒரு பி.டி. வாத்தியார் அவர்களுக்குக் கிடைத்தாரா என்பதுதான் என் கேள்வி. விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுக்கும் பள்ளிகளில் அது நடக்காது.

இன்று பள்ளியில் இருக்கும் ஆசிரியத் தம்பி, தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள்: அந்த ஒரு பீரியடை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.