சாவோ பாவுலோவில் ஒரு கட்டில்

எங்க அத்தை மகன் மில் மிஷின் பொருத்துகிற ஃபிட்டர். வர்ற ஜூலையில் பத்து நாள் வேலையாகப் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரத்துக்குப் போகிறார். தங்குறதுக்குக் கம்பெனி மொத்தமாக பேட்டா கொடுத்துவிடும். அதில் மிச்சம் பிடித்தால் அத்தையின் தோட்டை அடகிலிருந்து மீட்கலாம். "மாப்ள, நம்ம வீட்ல படிச்சவன் நீதான். நல்ல இடமா பாரு"ன்னுட்டார். நானோ சென்னையையே பார்த்தவனில்லை!

செல்போனில் தேடினால் முதலில் கண்ணில் பட்டது 'மோட்டல்'. பிரேசிலில் அது ஜோடிகளுக்கு மணிக்கணக்கில் விடுகிற அறையாம். அத்தை காதில் விழாமல் தாண்டினேன். நமக்கு வேண்டியது ஹாஸ்டல்: ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையலறை. சாமான் வைக்க லாக்கர் உண்டு. பூட்டு பெரும்பாலும் நாமதான் கொண்டுபோகணும்.

லூஸ் பக்கம் (சிரிக்காதீங்க, ஏரியா பேரே அதுதான்) வாடகை மலிவு. ஆனால் ராத்திரி தனியாக நடக்கத் தயங்க வேண்டிய இடம். வேலை முடிந்து இருட்டில் வருகிறவருக்கு ஒத்துவராது. விலா மரியானாவில் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் 1974-ல் அந்த ஊரில் ஓடிய முதல் மெட்ரோவே ஜபக்வாராவிலிருந்து இங்கே வரைக்கும்தான். ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்தால் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஜூலை அங்கே குளிர்காலம். வெந்நீருக்கு ஷவர் தலைக்குள்ளேயே ஹீட்டர் வைத்திருப்பார்கள்; நம்ம எலக்ட்ரிகல் பசங்க பார்த்தா பதறிடுவாங்க! சப்ளையும் 127 வோல்ட்.

கடைசியில் விலா மரியானா, கீழ்க்கட்டில், காலை டிபனோடு. பூட்டை அத்தையே வாங்கிட்டாங்க.