மூன்று கோயில்களும் ஓர் ஊஞ்சலும்

திருச்சிராப்பள்ளிக்குப் போகிறவர்கள் மலைக்கோட்டை, திருவானைக்கா, ஸ்ரீரங்கம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தரிசித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நாமும் அப்படித்தான் திட்டமிட்டுக் கிளம்பினோம். நாம் பார்க்க வேண்டிய நான்காவது இடம் ஒன்றும் அவ்வூரில் உண்டு. அது உறையூரில் உள்ள நம் தமையனாரின் வீடு. அதைத் திட்டத்தில் சேர்க்கவில்லை. எட்டு வருஷங்களுக்கு முன் பாகப் பிரிவினை நடந்தபோது தகப்பனாரின் தேக்குமர ஊஞ்சல் அவர் பங்குக்குப் போய்விட்டது. அன்று முதல் பேச்சில்லை. நிலத்துக்காகச் சண்டையிட்டவர்கள் உண்டு. நகைக்காகச் சண்டையிட்டவர்கள் உண்டு. ஒரு பலகைக்காகவும் நான்கு சங்கிலிகளுக்காகவும் சண்டையிட்டவர்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும்!

வெயில் ஏறுவதற்கு முன்பே மலையேறத் தொடங்கினோம். நானூறுக்கு மேற்பட்ட படிகள். பாதி வழியில் தாயுமானவர் சந்நிதி. காவிரியில் வெள்ளம் வந்து, பிரசவ வேதனையில் இருந்த ஒரு வணிகர் குலப் பெண்ணின் தாயார் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து உதவினார் என்கிறது ஸ்தல புராணம். பிறவியை அறுப்பவன் என்று நாம் போற்றும் கடவுள், இங்கே ஒரு பிறவிக்குத் துணை நின்றிருக்கிறார். பிறப்பது குற்றமல்ல, பிறந்து என்ன செய்கிறோம் என்பதே கேள்வி என்று சொல்வது போல இருக்கிறது.

இந்த மலையில் உண்மையைத் தேடியவர்கள் ஒருவர் இருவர் அல்லர். உச்சிப் பிள்ளையாருக்குப் பின்புறத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன. சற்றுக் கீழே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயில் இருக்கிறது. வேறு நெறியிலிருந்து மீண்டு சிவலிங்கத்தைச் சார்ந்ததாக அந்த அரசனுடைய கல்வெட்டு அங்கே பேசுகிறது. ஆயிரம் வருஷங்களுக்குப் பின், விஜயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த தாயுமான சுவாமிகள், இவ்வூரில்தான் மௌன குருவைக் கண்டார். குரு அவருக்கு உபதேசித்தது ‘சும்மா இரு’ என்பது. கேட்பதற்கு எவ்வளவு சுலபம்! நாம் உச்சியில் ஐந்து நிமிஷம் கண்ணை மூடிச் சும்மா இருந்து பார்த்தோம். மூன்றாவது நிமிஷத்தில் ஊஞ்சல் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தால், எதிரே காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். இன்னொரு பக்கத்தில் உறையூர் வீடுகள்.

“எந்த வீடு என்று தெரிகிறதா?” என்று கேட்டாள் நம் இல்லத்தரசி. நாம் காது கேளாதவர் போல் இறங்கத் தொடங்கினோம்.

காவிரிப் பாலத்தைக் கடந்ததும் திருவானைக்கா. ஐம்பூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. ஜம்புகேசுவரரின் கருவறையில் எப்போதும் நீர் ஊறுகிறது. இங்கே ஒரு யானை துதிக்கையால் நீர் கொணர்ந்து லிங்கத்துக்கு அபிஷேகம் செய்துவந்ததாம். ஒரு சிலந்தி, சருகு விழாதபடி லிங்கத்துக்கு மேலே வலைப்பந்தல் பின்னியதாம். பந்தலை அழுக்கென்று யானை அறுத்தெறிந்தது. அபசாரம் என்று சிலந்தி பொறுமியது. கடைசியில் அது துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை துதிக்கையைத் தரையில் மோத, இரண்டும் மாண்டன. சிலந்தியே மறு ஜன்மத்தில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பெரிய புராணம் கூறும். அவன் கட்டிய மாடக்கோயில்கள் எழுபது என்று திருமங்கையாழ்வாரே பாடியிருக்கிறார். யானை ஏற முடியாத உயரம், நுழைய முடியாத வாயில் என்பதுதான் அக்கோயில்களின் அடையாளம்.

இந்தக் கதையைக் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்டிருக்கிறோம். அன்று தலையைக் குனிந்து நின்று, ஒன்பது துளைச் சாளரத்தின் வழியாகச் சுவாமியைப் பார்த்தபோதுதான் அது உறைத்தது. சிலந்திக்கு உடம்பு மாறியது, குலம் மாறியது, கிரீடம் வந்தது, பக்தியும் வளர்ந்தது. யானையின் மேலிருந்த கோபம் மட்டும் மாறவில்லை! மறுபிறவி உண்டா என்று வாதம் செய்ய நாம் வரவில்லை. உண்டென்றால், அதற்கு நாம் எடுத்துப்போகும் மூட்டையில் என்ன இருக்கும் என்பதைப் பெரியோர்கள் இக்கதையில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேருடைய பூஜையும் உண்மையே. தன் பூஜை ஒன்றே பூஜை என்று இருவரும் நினைத்ததுதான் வினை.

பிற்பகலில் ஸ்ரீரங்கம். 1987-இல் பூர்த்தியான 236 அடி ராஜகோபுரத்தின் கீழே நுழைந்தால் கடைகளும் வீடுகளுமே வருகின்றன. ஏழு பிராகாரங்களில் வெளிச் சுற்றுகள் ஊர். உள்ளே போகப் போகத்தான் கோயில். மனிதனும் அப்படித்தான். கடைத் தெருவைத் தாண்டாமல் கருவறைக்குப் போக வழியில்லை.

இந்த வீதிகளில்தான் ஒருநாள், உறையூர் மல்லர் வில்லி என்பவர் தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, ஊர் சிரிப்பதையும் பாராமல், அவளுக்குக் குடை பிடித்துப் பின்னோக்கி நடந்தாராம். இராமானுஜர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. “இதைவிட அழகிய கண்களைக் காட்டினால் என்ன செய்வாய்?” என்று கேட்டு அரங்கன் சந்நிதிக்கு அழைத்துப் போனார். அன்றே அவர் வேறு மனிதராகி, பிள்ளை உறங்காவில்லி தாசர் என்று பெயர் பெற்றார். காவிரியில் நீராடிக் கரையேறும்போது உடையவர் இந்த மல்லரின் தோளைப் பற்றிக்கொண்டே வருவார் என்கிறார்கள் வைணவப் பெரியோர்கள். குலப் பெருமை பேசியவர்களுக்கு அதுவே பதில்.

சிலந்திக்கு ஒரு ஜன்மம் முழுவதும் போதவில்லை. உறையூர் மல்லருக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அடுத்த பிறவி வரையில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சந்நிதியிலிருந்து வெளியே வந்ததும், “உறையூருக்குப் பஸ் எங்கே நிற்கும்?” என்று ஒரு கடைக்காரரைக் கேட்டோம். இல்லத்தரசி ஒன்றும் சொல்லவில்லை. பூக்காரியிடம் இரண்டு முழமாக வாங்கியதை நான்கு முழமாக்கிக் கொண்டாள்.

கதவைத் திறந்த தமையனாரின் தலை முழுவதும் நரைத்திருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “வா, வெயிலில் வந்திருக்கிறாய். முதலில் மோர் சாப்பிடு” என்றார்.

கூடத்தில் ஊஞ்சல் தொங்கியது. அதன்மேல் துவைத்த துணிகள் மடிக்காமல் குவிந்து கிடந்தன. “முழங்கால் வலி, அதில் உட்கார்ந்து நான்கு வருஷமாகிறது. உனக்கு எழுதலாம் என்று பல தடவை நினைத்தேன்” என்றார் அண்ணா.

துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துப் பக்கத்தில் நாமும் உட்கார்ந்தோம். சங்கிலி பழையபடியே கிரீச்சிட்டது.