வரப்போகும் யந்திரம்

எங்கள் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலோடு கலக்கிற இடத்தில், அன்னங்கோயில் என்று ஒரு மீன்பிடி துறை இருக்கிறது. விடியற்காலையில் அங்கே போய் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். படகு இன்னும் முகத்துவாரத்துக்குள் நுழைந்திருக்காது. கரையில் நிற்கிறவர்கள் அதற்குள் மீனுக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்கள். படகு தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்து வருகிறது, பின்னால் எத்தனை பறவைகள் சுற்றுகின்றன, இவைதான் அவர்களுக்குச் சாட்சியம். "பாரம் ஜாஸ்தி, சங்கராவாகத்தான் இருக்கும்" என்பார் ஒருவர். "வெறும் ஐஸ் பாரம்" என்பார் அடுத்தவர். பெரும்பாலும் யாராவது ஒருவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஏலத்தில் என்ன விலை விழும் என்பதை மட்டும் ஒருவரும் சரியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கரைப் பேச்சு 2021-ஆம் வருஷம் முழுவதும் என் அக்கா வீட்டுக் கூடத்தில் நடந்தது. அங்கே பேசப்பட்டது மீன் அல்ல, ஒரு லாப்டாப்.

அக்கா மகன் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிற தொழில் செய்கிறான். சிதம்பரத்திலும் கடலூரிலும் இரண்டு மூன்று ஸ்டுடியோக்காரர்கள் அவனுக்கு வேலை தருவார்கள். அவனிடம் இருந்த பழைய லாப்டாப் ராத்திரி வேலை ஆரம்பித்தால் அரிசி மில் மாதிரி இரையும். சூடு தாங்காமல் நின்று போகும். பையன் அதன் முன்னால் ஒரு மேஜை விசிறியை வைத்து, ஜுரம் வந்த குழந்தைக்குச் செய்வது போல் பணிவிடை செய்துகொண்டிருப்பான். முகூர்த்தம் மிகுந்த தை மாதத்தில் அது காலை வாரியதால் மூன்று கல்யாணங்கள் கை நழுவிப் போயின.

அக்கா சீட்டுப் பணம் எடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து, ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் ரூபாய் வைத்திருந்தாள். அந்தப் பணத்துக்குச் சரியான யந்திரம் கடையிலும் இருந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் கம்பெனி தானே வடிவமைத்த எம்-1 என்ற சில்லை வைத்து லாப்டாப்புகளை வெளியிட்டிருந்தது. கணக்குப் போடுகிற பாகம், படம் காட்டுகிற பாகம், ஞாபக பாகம் எல்லாம் ஒரே குடித்தனமாக அடங்கிய சில். தனித்தனி வீடுகளில் இருந்துகொண்டு சேதி அனுப்பிக்கொள்ளாததால் மின்சாரச் செலவு குறைவு, சூடும் குறைவு. சின்ன ரகத்தில் விசிறியே கிடையாது. அதன் விலை 92,900 ரூபாய். அடுத்த ரகம் 1,22,900.

"வாங்கிக் கொடுத்துவிடு அக்கா" என்று மாசி மாதத்தில் நான் சொன்னேன். பிளஸ் டூவுக்கு மேல் இரண்டு வருஷம் கல்லூரி வாசலை மிதித்துவிட்டுத் திரும்பியவன் நான். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு உலக அனுபவம் இருக்கும் என்று என் குடும்பத்தில் ஒரு தப்பபிப்பிராயம் உண்டு.

"வேண்டாம் மாமா. பெரிசு ஒண்ணு வரப்போகுது" என்றான் பையன்.

பெரிசு என்றால் எப்படி? அவன் சொல்ல ஆரம்பித்தால் பெண் பார்த்துவிட்டு வந்தவன் கூட அப்படி வர்ணிக்கமாட்டான். ஓரங்கள் வளைவில்லாமல் தட்டையாக இருக்குமாம். காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற மின்சார வயர் திரும்பி வருமாம். காமிராக் கார்டு செருகும் துவாரமும், டிவியோடு இணைக்கிற துவாரமும் மறுபடி முளைக்குமாம். விசைப்பலகைக்கு மேல் இருந்த தொடுபட்டை ஒழியுமாம். மிங்-சி குவோ என்கிற ஆசாமி முன்பே இதையெல்லாம் எழுதிவிட்டார் என்றான். அவர் உதிரி பாகம் செய்கிறவர்களிடம் வருகிற ஆர்டர்களை மோப்பம் பிடித்து ஆரூடம் சொல்கிறவர். படகின் அமிழ்வைப் பார்த்துப் பாரம் சொல்கிற வித்தைதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காந்தத்தையும் துவாரங்களையும் 2016-இல் இதே கம்பெனிதான் 'புதிய வடிவம்' என்று சொல்லி எடுத்துப் போட்டது. ஐந்து வருஷம் கழித்து அவற்றைத் திருப்பி வைத்தால் அதுவும் புதிய வடிவம்! எங்கள் தெருவில் ஒருவர் திண்ணையை இடித்துவிட்டு, பிறகு ஏக்கம் தாங்காமல் மறுபடி கட்டி, கிருஹப்பிரவேசம் மாதிரி விருந்தே வைத்தார்.

ஏப்ரலில் சங்கதி இன்னும் ருசிகரமாயிற்று. தைவானில் ஆப்பிளுக்கு லாப்டாப் செய்து தருகிற குவான்டா கம்பெனிக்குள் இணையக் கொள்ளைக்காரர்கள் புகுந்து, வரப்போகும் யந்திரத்தின் வரைபடங்களையே திருடிவிட்டார்கள். ஐந்து கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். சில படங்கள் வெளியே வந்தன. குவோ சொன்ன துவாரங்கள் அத்தனையும் படத்தில் இருந்தன. படகு கரைக்கு வருமுன் நடுக்கடலிலேயே வலையை அறுத்து மீனைப் பார்த்த கதை. பையன் அன்று ராத்திரி தூங்கவில்லை. "நான் சொல்லலை?" என்று என்னைக் கேட்டான், ஏதோ திருட்டில் அவனுக்கும் பங்கு இருப்பது போல.

சக்தி விஷயமும் மே மாதத்தில் கசிந்தது. பத்து மூளைகள், அவற்றில் எட்டு பலசாலிகள், இரண்டு சிக்கனக்காரர்கள். படத்துக்கு மட்டும் பதினாறோ முப்பத்திரண்டோ. ஞாபக அளவு 64 ஜிபி வரை. ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இந்த ஞாபகத்தைப் பின்னால் கூட்டிக்கொள்ள முடியாது. வாங்குகிற அன்றே தீர்மானித்துவிட வேண்டும். நிச்சயதார்த்தத்தன்றே எத்தனை பேரக்குழந்தைகள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வது போல் இருக்கிறது.

விலை? அதைப் பற்றி மட்டும் மூச்சு இல்லை. "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும் மாமா" என்பான். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

மே 10-ந் தேதி முழு ஊரடங்கு வந்தது. அதற்கு அடுத்த வாரம் அத்தானுக்குக் கொரோனா. இரண்டு நாள் கஷாயம், மூன்றாம் நாள் மூச்சுத் திணறல். விரலில் மாட்டிப் பார்க்கிற அந்தச் சின்னக் கருவி 84 என்று காட்டியது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு இடம் இருப்பதாகத் தெரிந்தது. முதலில் லட்சம் கட்டவேண்டும் என்றார்கள். அந்த நேரத்தில் எந்த அடகுக் கடை திறந்திருக்கும்? எந்தச் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டுவது? தெருவில் பாதி வீடுகளில் இதே கதை.

அக்கா ஒன்றும் பேசவில்லை. பீரோவைத் திறந்து லாப்டாப் பணத்தை எடுத்தாள். பையன்தான் எண்ணினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு நாள் கழித்து அத்தான் திரும்பி வந்தார். பாதி உடம்பாக வந்தார், ஆனால் வந்தார்.

பல ராத்திரிகள் இதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் சொன்ன யோசனை எல்லா விதத்திலும் நியாயமானது. அதைக் கேட்டிருந்தால் மாசியிலேயே யந்திரம் வந்திருக்கும், பையன் நாலு காசு சம்பாதித்திருப்பான், அந்த ராத்திரி பீரோ காலியாக இருந்திருக்கும். தைவானிலிருந்து வந்த ஒரு வதந்திதான் அந்தப் பணத்தைக் காவல் காத்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாயிருக்கும். ஆனால் மூன்று கல்யாணங்கள் போனதும் அதே காத்திருப்பினால்தான். எதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜூன் 7-ந் தேதி ராத்திரி ஆப்பிள் கூட்டம் நடந்தது. எல்லோரும் எதிர்பார்த்த யந்திரம் வரவில்லை. அக்டோபர் 18-ந் தேதிதான் வந்தது. நம் கடிகாரத்தில் ராத்திரி பத்தரை மணி. அக்கா வீட்டுக் கூடத்தில் பையன் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். கட்டிலில் அத்தான் தலையணையில் சாய்ந்திருந்தார். நான் நாற்காலியில்.

வதந்தி அட்சரம் பிசகாமல் பலித்துக்கொண்டு வந்தது. காந்த வயர், கார்டுத் துவாரம், தொடுபட்டை இல்லை, பத்து மூளை, படத்துக்குப் பதினாறு, முப்பத்திரண்டு, 64 ஜிபி. பெரிய சில்லில் 5,700 கோடி டிரான்சிஸ்டர்கள் என்றார்கள். எம்-1-இல் 1,600 கோடிதான். திரையின் உச்சியில் நெற்றிப்பொட்டு மாதிரி ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் புதிது. அதைப் பற்றிக் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் லேசாகப் பேச்சு அடிபட்டது.

பிறகு விலை. அமெரிக்காவில் 1,999 டாலர். அன்றைய கணக்கில் டாலர் எழுபத்தைந்து ரூபாய். ஒன்றரை லட்சம் என்று மனசுக்குள் பெருக்கினேன். ஜிஎஸ்டி பதினெட்டு சதவிகிதம் சேர்த்தால் ஒரு லட்சத்து எழுபத்தேழாயிரம். நம் ஊர் விலை 1,94,900 என்று வந்தது. மிச்சப் பதினெட்டாயிரத்துக்கு என் கணக்கில் இடம் இல்லை. 1830 வாக்கில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இதே பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை வைத்து, சேலத்துப் பக்கத்து இரும்புக் கல்லை உருக்கி ஷெப்பீல்டுக்கு அனுப்பினார். சரக்கு எங்கே பிறந்தாலும் விலை வேறெங்கோ உட்கார்ந்துதான் நிச்சயமாகிறது; எங்கள் ஊருக்கு அது புதிதல்ல.

"எவ்வளவுடா?" என்றார் அத்தான்.

பையன் சொன்னான்.

அத்தான் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "நான் மலிவாத்தான் முடிஞ்சிருக்கேன்" என்றார்.

யாரும் பேசவில்லை. பையன் போனை எடுத்துத் துடைத்தான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லைப்பா. அடுத்தது இதைவிட நல்லா இருக்குமாம். இப்பவே எழுத ஆரம்பிச்சுட்டாங்க" என்றான்.

அத்தானுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்தது. அக்கா வெந்நீர் எடுத்துவர உள்ளே போனாள்.