கார்டைக் கழற்றாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஆங்கிள் கிரைண்டர் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசிவரை படித்துவிடுங்கள். மாவு ஆட்டும் கிரைண்டர் இல்லை. பட்டறைகளில் இரும்பு அறுக்கிற, தேய்க்கிற கை மெஷினைச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நம் வீட்டுப் பையன் ஒருவன் மாடிப்படிக் கைப்பிடிக்குக் குழாய் அறுத்துக்கொண்டிருக்கிறான். தீப்பொறி மத்தாப்பு மாதிரி பறக்கிறது. ஆளாளுக்கு இதயம் போட்டிருந்தார்கள். நானும் கட்டைவிரலைப் போட்டுவிட்டேன். அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடுப்பில் லுங்கி, காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. மெஷினில் கார்டும் இல்லை. கார்டு என்பது வீலின் பாதியை மூடியிருக்கும் அரைவட்டத் தகடு.

தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன். வெட்கத்தில் இதுவரை வெளியே சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற புதிதில் ஆசைப்பட்டு நான்கு அங்குல மெஷின் ஒன்று வாங்கினேன். கொல்லைப்புறக் கதவின் கொண்டியில் துருப்பிடித்த போல்ட் ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது. சுவர் மூலை. கார்டு இடித்தது. ‘ஒரே ஒரு வெட்டுதானே’ என்று கார்டைக் கழற்றிவிட்டேன். வீலும் புதிது இல்லை. எப்போதோ கிரில் போட வந்தவர்கள் விட்டுப்போனது, சன்ஷேடு மேல் இரண்டு மூன்று மழைக்காலம் கிடந்தது. பாதி போல்ட் அறுந்திருக்கும்போது வீல் இறுகிக்கொண்டது. ‘படீர்’ என்று ஒரு சத்தம். கையில் மெஷின் இருக்கிறது, வீல் இல்லை. ஒரு துண்டு இடது பக்கச் சுவரில் அடித்து, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பூச்சைப் பெயர்த்திருந்தது.

அந்தச் சுவர் ஓரமாக டார்ச் அடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி. பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பெயர்ந்த இடம் சரியாக அவள் முக உயரம். அன்று இரவு நான் தூங்கவில்லை.

மறுநாள் உடைந்த வீலின் நடுத்துண்டை எடுத்துக்கொண்டு, வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவனிடம் போனேன். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சு. வாங்கிப் பார்த்தவன், வீலின் நடுவில் இருந்த இரும்பு வளையத்தைத் துடைத்து என் முன்னால் நீட்டினான்.

“இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா சார்?”

மாதமும் வருடமும் பொறித்திருந்தது. காலாவதி ஆகி வெகு நாளாகியிருந்தது. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிற எனக்கு, வீலுக்கும் தேதி உண்டு என்பது தெரியவில்லை. அந்த வீல் இரும்பு இல்லை. உராயும் துகள்களைப் பிசினால் ஒட்டி, உள்ளே கண்ணாடி நார் வலை வைத்து அழுத்திச் செய்தது. நாளாக ஆக, ஈரம் பட, பிசின் வலுவிழக்கும். தயாரித்து மூன்று வருடம்தான் அதற்குக் கணக்கு.

அவன் அத்தோடு விடவில்லை. “கயித்துல கட்டிச் சுத்துற கல்லு, கயிறு அறுந்தா எந்தப் பக்கம் போகும்னு கேட்டீங்க. நான் தப்பாச் சொல்லி பெஞ்சு மேல நின்னேன். ஞாபகம் இருக்கா சார்?”

இருந்தது. தொடுகோட்டில் போகும். முப்பது வருடம் கரும்பலகையில் அதை வரைந்தவன் நான். அன்று மட்டும் அந்தத் தொடுகோட்டில் என் மனைவியை நிறுத்தியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். வீலின் விட்டம் 100 மில்லிமீட்டர். விளிம்பின் வேகம் நொடிக்கு 57 மீட்டருக்கு மேல். அதாவது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. விளிம்பில் இருக்கும் ஒரே ஒரு கிராம் துணுக்கை வட்டப்பாதையில் பிடித்துவைக்க 66 நியூட்டன் விசை வேண்டும். கிட்டத்தட்ட ஏழு கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். அவ்வளவையும் தாங்குவது அந்தப் பிசின்தான். பிசின் விட்டால் மிச்சம் இருக்கும் ஒரே தடுப்பு கார்டு. அதைத்தான் நாம் முதலில் கழற்றிப் போடுகிறோம்.

அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையும், பின்னால் நானே பழகித் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. கார்டு உங்களுக்கும் வீலுக்கும் நடுவில் இருக்கும்படி திருப்பி இறுக்குங்கள். கார்டு நுழையாத இடத்தில் இந்த மெஷினுக்கு வேலை இல்லை. ஹாக்ஸா பிளேடை எடுங்கள். அரை மணி நேரம் ஆகட்டும், பரவாயில்லை.

2. வீலின் மேல் அச்சிட்டிருக்கும் சுற்று எண்ணிக்கை மெஷினுடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும். நான்கு அங்குல வீலில் பெரும்பாலும் 15,300 என்று இருக்கும். ஏழு அங்குல வீலுக்கு 8,500தான். கார்டைக் கழற்றிவிட்டுச் சின்ன மெஷினில் பெரிய வீலை மாட்டுகிறார்கள். அது தெரிந்தே வெடிகுண்டைச் சுழற்றுவது. மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடும் இதில் வேண்டாம். மரத்தில் சிக்கினால் மெஷின் உங்கள் மேலேயே துள்ளி வரும்.

3. வீல் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். புது வீலை மாட்டியதும், ஆள் இல்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள்.

4. மெல்லிய கட்டிங் வீலின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதீர்கள். அது நேராக அறுக்க மட்டும். தேய்ப்பதற்குத் தடித்த கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது.

5. பக்கக் கைப்பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். வீல் சுற்றும் நேர்க்கோட்டில் நீங்களும் நிற்காதீர்கள், யாரையும் நிற்கவிடாதீர்கள். குழாயின் இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்துவிட்டு நடுவில் அறுத்தால், அது தொய்ந்து வெட்டுவாய் மூடி வீலைக் கவ்வும். அறுபடும் முனை கீழே விழும்படி விட்டு அறுங்கள்.

6. மூக்குக் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது, பக்கமெல்லாம் திறந்திருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி தனியாக வாங்குங்கள். லுங்கி, துண்டு, தொங்கும் சங்கிலி, தளர்ந்த துணிக் கையுறை எதுவும் கூடாது. ஷூ போடுங்கள். டைல்ஸ், கிரானைட் அறுத்தால் மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும். கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால் கசக்க வேண்டாம், துணி முனையால் எடுக்க வேண்டாம், நேராகக் கண் டாக்டரிடம் போங்கள்.

7. தீப்பொறி போகும் பக்கம் பெட்ரோல், தின்னர், பஞ்சு, சாக்கு எதுவும் இருக்கக் கூடாது. காலி பெயிண்ட் டின், காலி டீசல் பேரலை அறுக்கவே அறுக்காதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும்.

8. வேலை நடுவில் கரண்டு போனால் உடனே சுவிட்சைப் பின்னால் தள்ளி அணைத்துவிடுங்கள். ஆனிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், கரண்டு வந்ததும் கேட்க ஆளில்லாமல் தரையில் ஓடும். பிளக் செருகுமுன்னும் சுவிட்சைப் பாருங்கள்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. வேலை முடிந்ததும் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுச் சூடு தணியுங்கள். வீல் முழுதாக நின்ற பிறகே கீழே வையுங்கள். காற்றுத் துளைகளில் அடையும் இரும்புத் தூசியை அவ்வப்போது ஊதி எடுங்கள். அந்தத் தூசி மின்சாரத்தைக் கடத்தும், ஷாக் அடிக்கலாம். துளை வழியே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தாலோ, மெஷின் விட்டுவிட்டு ஓடினாலோ கார்பன் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், சின்னச் செலவுதான். மெஷினுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் வெடிப்பு இருந்தால் டேப் ஒட்டாமல் ஒயரையே மாற்றுங்கள். வீல்களை ஈரம் படாத இடத்தில் படுக்கையாக அடுக்கி வையுங்கள்.

அந்தச் சுவரில் பெயர்ந்த இடத்தை நான் இன்னும் பூசவில்லை. மனைவி பூசச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மெஷினை எடுக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் பட வேண்டும்.

பழக்கத்தை விட முடியவில்லை, வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று சாயங்காலம் பரணில் இருக்கும் மெஷினை இறக்குங்கள். கார்டு இருக்கிறதா, வீலில் தேதி என்ன, ஒயர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிப் போட்ட கார்டைத் தேடி எடுத்து மாட்டிப் படம் அனுப்புங்கள். இந்த முறை பார்த்துவிட்டுத்தான் கட்டைவிரல் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்