மூன்று கிலோ

பிறர் சுமையை எடை போடுவதே நமது உத்தியோகம். ரயில்வே பார்சல் ஆபீஸில் மூட்டைகளைத் தராசில் ஏற்றி, எடையைக் குறித்து, ரசீது எழுதுகிறோம். சென்ற ஆண்டு ஒரு நாள், கூட்டம் ஓய்ந்த வேளையில், விளையாட்டாக நாமே அத்தராசின்மேல் ஏறி நின்றோம். 60 கிலோ! கல்யாணத்தின்போது 57 தான். இடையில் சேர்ந்த மூன்று கிலோவை எப்படியும் இறக்கிவிட வேண்டும் என்ற ஆசை அன்றே நம்மைப் பற்றிக்கொண்டது.

நமது உயரம் 165 சென்டிமீட்டர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 22 வருகிறது. இந்தியருக்கு 18.5 முதல் 22.9 வரை தக்க அளவு என்பது வைத்தியர்கள் கொண்டுள்ள கணக்கு. ஆகவே, இளைக்க வேண்டிய அவசியம் எள்ளளவும் இல்லை. ஆயினும் ஆசை கணக்கைக் கேட்கிறதா?

விசித்திரம் என்னவெனில், விடுமுறைக்கு ஊர் சென்றால், வாசலிலேயே "இளைத்துப் போனாயேடா" என்று கண் கலங்குவாள் நம் அன்னை. அவள் துக்கத்துடன் சொல்லும் அச்சொல்லைப் பிறர் வாயால் பாராட்டாகக் கேட்க நாம் ஏங்கினோம்!

இரவு உணவை நிறுத்தினோம். ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. வீடெங்கும் பெருமை பேசினோம். ஞாயிற்றுக்கிழமை விருந்துண்டு, மறுநாளும் வயிறார உண்டதும், போனதில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. பழகிய வைத்தியர் ஒருவர் நகைத்தார். கல்லீரலிலும் தசைகளிலும் சேமிப்பாக இருக்கும் சர்க்கரைச் சத்து, தன் எடையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரையும் உடன் வைத்திருக்குமாம். பட்டினி கிடந்தால் முதலில் போவது பெரும்பாலும் அந்த நீரே. கொழுப்பு அவ்வளவு விரைவில் கரைவதில்லை.

மூட்டைக்குள் இருப்பது இரும்பா பஞ்சா என்று தராசு அறியாது. உடம்பிலும் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதை அது சொல்லாது. இதை அன்றாடம் கண்டும் நாம் உணரவில்லை.

இதற்குள் தலை சுற்றலும் சிடுசிடுப்பும் வந்தன. ரசீதில் ஒரு நாள் எண்ணை மாற்றி எழுதினோம். அவற்றையும் பொறுத்திருப்போம். ஆனால் ஒரு நாள் இரவு, பன்னிரண்டு வயது நிரம்பிய நம் மகள் தட்டை ஒதுக்கிவைத்து, "எனக்கும் வேண்டாம். அப்பாவைப் போல் நானும் இளைக்க வேண்டும்" என்றாள். மூன்று நாட்களாகப் பள்ளிக்குக் கொண்டுபோன உணவையும் அவள் தொடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நம் இல்லாள் கோபிக்கவில்லை. "உங்களுக்கு மூன்று கிலோ போனால் பழைய சட்டை பொருந்தும். வளருகிற பெண்ணுக்கு அது போனால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். நம்மிடம் பதில் இல்லை. அன்றிரவே மகளின் எதிரில் அமர்ந்து இரண்டு தோசை உண்டோம். அவள் நம்மையே பார்த்திருந்துவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டாள். முன்போல் உண்பதற்கு அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.

இப்போது மாலையில் மூவரும் அரை மணி நேரம் நடக்கிறோம். எப்போதேனும் நாடா கொண்டு இடுப்பை மட்டும் அளக்கிறோம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டாதிருந்தால் நன்று என்பார்கள். கல்யாணச் சட்டையைத் தம்பிக்கு அனுப்பிவிட்டோம்.

அன்பர்களே, எடை உண்மையிலேயே மிகுந்தவர்கள் வைத்தியர் சொற்படி குறைப்பது கடமை. நம்மைப் போல் அளவோடு இருப்பவர்கள், இலையை விட்டு எழுமுன், எதிரே அமர்ந்திருக்கும் குழந்தையை ஒருமுறை நோக்குவார்களாக.