கடல் கடந்த மடல்: எடின்பரோவில் ச-ப-ச-ப



இந்தச் செவ்வாய் மாலை, எடின்பரோவில் நான் போய்வரும் ஸ்காட்டிஷ் பிடில் வகுப்பில் டீச்சர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கீழ்க்கம்பிகள் இரண்டையும் ஒவ்வொரு ஸ்வரம் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். ஷெட்லாண்ட் தீவுகளின் பழைய மெட்டு ஒன்றைச் சொல்லித்தரப் போகிறார், அதற்கு வழக்கமான சுருதி சரிப்படாது. அறை முழுக்க ஒரே அமளி. பிரடைகள் கிறீச்சிட்டன. என் பக்கத்தில் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர், கம்பி அறுந்து முகத்தில் அடிக்குமோ என்று கண்ணை இறுக மூடிக்கொண்டே திருகினார்.

நான் திருகிவிட்டு நான்கையும் மீட்டிப் பார்த்தேன். ச, ப, ச, ப. கும்பகோணத்தில் வாத்தியார் வீட்டு ரேழியில் தினமும் காலையில் சேர்த்த அதே சுருதி! கட்டை வேறாக இருக்கலாம், கம்பிகளுக்கு இடையிலான தூரம் ஒரு இம்மியும் பிசகவில்லை. இவர்கள் இதை ஏ-ஈ-ஏ-ஈ என்கிறார்கள். ஷெட்லாண்ட் 1469 வரை நார்வேயோடு இருந்த தீவுக்கூட்டம்; நார்வேயிலும் இப்படிச் சுருதி சேர்த்து வாசிப்பார்கள். தம்பூரா கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது. மெட்டை ஒரு கம்பியில் வாசிக்கும்போதே வில் பக்கத்துத் திறந்த கம்பியையும் உரசிக்கொண்டு போகிறது, அதுவே சுருதி. டாம் ஆண்டர்சன் (1910–1991) என்பவர் தீவின் கிழவர்களிடமிருந்து இந்த மெட்டுகளைத் திரட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். உலகமெல்லாம் வாசித்துப் பேர்பெற்ற அலி பெயின் அவருடைய சிஷ்யர்.

"எங்கள் ஊரில் பிடிலுக்கு எப்போதுமே இதுதான் சுருதி" என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான். டீச்சர் "லவ்லி" என்றார். இங்கே எல்லாமே லவ்லி. அபஸ்வரமாக வாசித்தாலும் லவ்லி, பாதியில் நின்றாலும் லவ்லி. என் வாத்தியார் வாயிலிருந்து மொத்தமாக வாங்கிய பாராட்டு "ம்" என்ற ஓரெழுத்து. அது வந்த நாளில் அம்மா பாயசம் வைத்தாள்.

இன்னொரு பெருமையும் இவர்களுக்கு உண்டு: எல்லாம் காதால் கேட்டே கற்பது. டீச்சர் ஒரு துண்டு வாசிப்பார், எல்லோரும் திருப்பி வாசிப்போம். நோட்டுக் காகிதம் வகுப்பு முடிந்த பிறகுதான் கைக்கு வரும். இதை ஏதோ புதுக் கல்விமுறைபோல் முதல் நாளே அரைமணி நேரம் விளக்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்தேன், வேறென்ன செய்ய. காதால் கேட்டுக் கற்பதும் நமக்குப் புதிதல்ல, பிடிலும் புதிதல்ல. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த இந்த வாத்தியத்தைப் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) கற்றுக்கொண்டு நம் பாட்டுக்கு வளைத்தார். அவருடைய அண்ணா முத்துசுவாமி தீட்சிதரோ இங்கிலாந்து ராஜாவுக்கான கீதத்தின் மெட்டிலேயே சமஸ்கிருதத்தில் அம்பாளைப் பாடிவைத்தார். பிடில் வித்வான் தஞ்சை வடிவேலுவுக்கு 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலினையே பரிசளித்தார். இவையெல்லாம் தபால்காரருக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வில்லுக்கை விஷயத்தில் இவர்களை மெச்சத்தான் வேண்டியிருக்கிறது. ஸ்ட்ராத்ஸ்பே என்று ஒருவகை நடன மெட்டு, ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயர் கொண்டது. அதன் உயிர் ஒரு வெட்டு. தாளம் விழும் இடத்தில் குறில், உடனே ஒட்டிக்கொண்டு நெடில். யாப்பு படித்தவர்கள் "சுறா" என்று சொல்லி, "சு"வில் அழுத்திப் பாருங்கள், புரிந்துவிடும். நடுநடுவே தலைகீழாக நெடில் முந்திக்கொண்டும் வரும். இதை விரலால் செய்ய முடியாது. மணிக்கட்டு வில்லைச் சடக்கென்று விட்டு, உடனே பிடித்து நிறுத்த வேண்டும். எனக்கோ விரல் தானாக அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகிறது. டீச்சர் என் இடதுகையை ஒரு பார்வை பார்த்து, "அந்தக் கையைச் சும்மா விடுங்கள், எல்லாம் வலதுகையில் இருக்கிறது" என்றார். நம் பிடில் தொண்டையிடம் பாடம் கேட்டது, இவர்களுடையது ஆடும் கால்களிடம்.

இந்தக் கலையில் பெரும்பேர் பெற்றவர் நீல் கௌ (1727–1807), பெர்த்ஷயரில் இன்வர் கிராமத்துக்காரர். அத்தோல் பிரபுக்கள் ஆதரித்தார்கள். மற்றவர்களுக்கு வில்லைத் தள்ளும்போது நாதம் சோர்ந்துபோகும், இவருக்கு இழுப்பிலும் தள்ளலிலும் ஒரே வலு என்று அவர் காலத்தவர்களே வியந்திருக்கிறார்கள். ஓவியர் ரேபர்ன் வரைந்த படத்தில் கட்டம்போட்ட அரைக்கால் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது மனைவி இறந்தபோது அவர் கட்டிய புலம்பல் மெட்டை இன்றும் வாசிக்கிறார்கள். (முதல் மனைவிக்கு என்ன வாசித்தாரோ!) அதை டீச்சர் மெதுவாக வாசித்த அன்று பஸ்ஸில் ஏறியும் மனசு வகுப்பிலேயே கிடந்தது. அப்பா காலமான வருஷம் நான் ஊருக்குப் போக முடியாதது ஞாபகம் வந்தது.

சரி, எனக்குக் கோபம் மூட்டிய விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு முடிந்தால் சிலர் சாண்டி பெல்ஸ் என்ற பேர்பெற்ற மதுக்கடைக்குப் போவார்கள். அங்கே வாத்தியக்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பதற்கு "செஷன்" என்று பெயர். மேடை இல்லை, மைக் இல்லை, சட்டம் மட்டும் ஏகத்துக்கு. மெட்டுக்கு இரண்டு பாகம், பாகத்துக்கு எட்டு தாளக்கட்டம் (பார்), ஒவ்வொன்றும் இரண்டு தடவை, ஆக 32. அந்த 32-ஐ இரண்டு மூன்று முறை சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவ வேண்டும். எந்த மெட்டு என்பது ஆரம்பித்தவர் இஷ்டம். அவர் புருவத்தைத் தூக்கினால் மாற்றம் வருகிறது என்று அர்த்தம். வேகத்தை வேறு யாரும் கூட்டக்கூடாது. மேளம் ஒன்றுக்கு மேல் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தெரியாத மெட்டு என்றால் வில்லை மடியில் வைத்துவிட வேண்டும். ஓரமாக மெல்லத் தேடி வாசிப்பதுகூட அநாகரிகம்.

இது என்ன நியாயம்? தெரியாததை வாசிப்பதுதானே நம் பக்கவாத்தியக்காரரின் பிழைப்பே! பாடகர் மேடையில் என்ன எடுப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. ஒத்திகை கிடையாது. ஒரு சங்கதி காதில் விழுந்து முடிவதற்குள் பிடிலில் அதன் நிழல் வந்தாக வேண்டும். இதைத் தபால்காரரிடம் விளக்கினேன், அவர் நம்பவில்லை. போனில் மதுரை மணி ஐயரின் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டு, பக்கத்தில் வாசிப்பது லால்குடி ஜெயராமன் என்றேன். மனுஷர் பீர் நுரை அடங்கும்வரை அசையாமல் கேட்டார். கடைசியில் ரொம்ப மரியாதையாக, "அருமை. ஆனால் இதற்கு யார் ஆடுவார்கள்?" என்றார்.

தலைகள் ஆடும் என்றேன். அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.