பூஜ்யம் வேறு, பதில் வராதது வேறு!

கம்ப்யூட்டர் வேலையில் இருபது வருடம் ஓட்டிவிட்டேன். ‘எனக்குத் தெரியாததா?’ என்ற மிதப்பு கொஞ்சம் உண்டு. அதை இறக்கி வைத்தது, இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மாவின் ஒரே ஒரு கேள்வி.

சிறு கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். பெரும்பகுதி சி ஷார்ப் மொழியில், என் பொறுப்பில். வட்டிச் சலுகைக் கணக்கை மட்டும் எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண் எஃப் ஷார்ப்பில் எழுதியிருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள்.

இரண்டு மொழிக்கும் சுபாவம் வேறு. சி ஷார்ப்பில் எல்லாம் ‘ஆப்ஜெக்ட்’. பேங்க் பாஸ்புக் மாதிரி. நேற்றைய தொகை இன்று இருக்காது. தன் நிலையைத் தானே ஞாபகம் வைத்து மாற்றிக்கொண்டே இருக்கும். எஃப் ஷார்ப்பில் ‘ஃபங்ஷன்’தான் முக்கியம். அது வாய்ப்பாடு மாதிரி. ஏழெட்டு எவ்வளவு என்று யார் கேட்டாலும், எப்போது கேட்டாலும் 56. கணக்கு வேலைக்கு அதனால்தான் அத்தனை பொருத்தம்.

எஃப் ஷார்ப்பை உருவாக்கியவர் டான் சைம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் அது பிறந்தது. 2010-ல் விஷுவல் ஸ்டுடியோவோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது. இரண்டு மொழிகளும் டாட்நெட் என்ற ஒரே கூரையின் கீழ் வாழ்பவை. கம்பைல் செய்தால் இரண்டும் ஒரே இடைநிலை மொழியாக மாறிவிடும். அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தாராளமாகக் கூப்பிடலாம். வருகிற பதிலைப் புரிந்துகொள்வதில்தான் சிக்கல்.

அவள் பிரசவ விடுப்பில் போயிருந்தாள். இரண்டையும் இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அவளுடைய ஃபங்ஷன் பதிலை ‘ஆப்ஷன்’ என்ற டப்பாவில் போட்டுத் தரும். சலுகை முடிவாகியிருந்தால் உள்ளே தொகை இருக்கும். முடிவாகவில்லை என்றால் ‘நன்’. எஃப் ஷார்ப்பில் இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். ஆனால், சி ஷார்ப் பக்கம் வந்ததும் அந்த ‘நன்’ வெறும் ‘நல்’ ஆகிவிடும். நான் நேராக டப்பாவுக்குள் கைவிட்டுத் தொகையை எடுக்கப் போனேன். சோதனையிலேயே புரோகிராம் படுத்துவிட்டது.

ராத்திரி பதினொன்றரை. காலையில் கொடுத்தாக வேண்டும். ‘நல் வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்’ என ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஓடியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தாம் நாள் போன் வந்தது. 43 பேருக்கு ‘உங்கள் வட்டிச் சலுகை ரூ.0’ என்று எஸ்.எம்.எஸ். போயிருந்தது. அவர்களில் ஒருவர்தான் அந்த இட்லிக் கடை அம்மா. சலுகை இல்லை என்று நம்பி, கம்மலை அடகு வைத்து முழுத் தவணையையும் கட்டியிருக்கிறார். பிறகு கிளைக்கே வந்து கேட்டிருக்கிறார்: “என் மனுவை இன்னும் யாரும் பார்க்கலைன்னு போன வாரம்தான் சொன்னீங்க. பார்க்காமலே எப்படிப்பா இல்லைன்னு முடிவு பண்ணீங்க?”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். பின்னால் குழந்தை அழும் சத்தம்.

“அண்ணா, அது பூஜ்யம் இல்லண்ணா. பூஜ்யம்னா சலுகை கிடையாதுன்னு முடிவாயிடுச்சுன்னு அர்த்தம். நன்-னா இன்னும் பதில் வரலைன்னு அர்த்தம்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். தொடர்ந்து, “என் மேலயும் தப்பு இருக்குண்ணா. உங்க பக்கத்துக்குப் புரியற மாதிரி வாசல்ல ஒரு ஆளை நிறுத்திட்டுப் போயிருக்கணும்” என்றாள்.

அன்று மாலையே அவள் போனில் சொல்லச் சொல்ல, எஃப் ஷார்ப் பக்கம் ஒரு சின்ன முகப்பு எழுதினேன். கணக்கில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. இனி சி ஷார்ப்புக்கு டப்பா போகாது. ‘முடிவாகிவிட்டதா?’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று முதலில் பதில் வரும். ஆம் என்றால் மட்டுமே தொகையைப் பார்க்க வேண்டும். மொத்தம் முப்பது வரிகூட இல்லை. முதல் நாளே இதைச் செய்திருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்கத்தான் மனசு வரவில்லை. சின்னப் பெண்ணிடம் போய் என்ன கேட்பது என்ற எண்ணம்.

43 பேருக்கும் மன்னிப்போடு திருத்தச் செய்தி போனது. இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவுக்குச் சலுகையும் கிடைத்தது. கம்மலை மீட்டுவிட்டாரா என்று கிளையில் விசாரித்தேன்.

“தெரியலை சார்” என்றார்கள்.

மீட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்க வேண்டும்.